புறா இருந்த துளை

என் அன்பு சுகந்தி அக்காவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதங்கள் ஆகின்றன. கல்லறைத் திருநாளன்று பூ வைத்துவிட்டுச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். வாய் திறந்திருந்தால் நீ என் சர்க்கரையைப் பற்றியோ வேலையைப் பற்றியோ கேட்டிருக்க மாட்டாய். "வண்டி எப்படிடா இருக்கு?" என்றுதான் கேட்டிருப்பாய். அன்று அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். உனக்கு எழுதுவதை உறையில் இட்டு ஒட்டாமல், யாரும் படிக்கும்படி திறந்தே வைக்கிறேன். குறிப்பாக ஒருவர் இதைப் படிக்க வேண்டும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. நீ உட்கார்ந்து ஓட்டிய வண்டியைப் பற்றிய தாளில் அந்தப் பெயருக்கு இடம் கிடையாது. நடுவர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். அவருக்குப் புரியும்.

மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

அப்பா அந்தச் சாம்பல் நிற அம்பாசடரை மவுண்ட் ரோட்டில் எடுத்தபோது நான் பிறந்திருக்கவில்லை. உனக்கு ஏழு வயது. வண்டியைக் கொடுப்பதற்கு முன் டீலர் கடைக்காரர், "கம்பெனிக்காரன் கொடுக்கிறது கார், ஹெட்மாஸ்டர் சார். அதுக்கு முகம் கொடுக்கிறது நாங்க" என்றாராம். அந்த முகத்துக்காக ஒரு மதியம் முழுவதும் நீங்கள் காத்திருந்தீர்கள். முன் கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் ஒரு தகடு. விளக்குகளின் மேல் குரோமிய வளைவுகள் இரண்டு. பின் சக்கரங்களைப் பாதி மூடும் உறைகள். டேஷ்போர்டில் ஒரு கண்ணாடிப் பூக்குவளை. கடைசியாகப் போனட்டின் நடுவில், இறக்கை விரித்த ஒரு பறவை. இவை எதுவும் தொழிற்சாலையிலிருந்து வந்தவை அல்ல. அந்தக் கடையின் ஃபிட்டர் தன் கையால் பொருத்தியவை. இவை ஐந்தையும் சேர்த்துக் கேட்டவர்கள் மிகச் சிலர் என்றும், அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் அதிலும் சிலர் என்றும் நீ சொல்வாய்.

நம் வீட்டில் அவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. தொப்பி, புருவம், பாவாடை, குவளை, புறா.

ஃபிட்டர் கை டிரில்லை எடுத்து, ஒரு கீறல்கூட விழாத புது போனட்டின் நடுவில் வைத்ததும் அப்பா கண்களை மூடிக்கொண்டாராம். நீ மூடவில்லை. கீழே விழுந்த தகட்டுச் சுருள் ஒன்றைப் பொறுக்கி ஜாமெட்ரிப் பெட்டியில் வைத்துக்கொண்டாய். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் சாம்பல். அந்தப் பெட்டி இன்னும் உன் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. சுருளும் இருக்கிறது.

அது என்ன பறவை என்பது கடைசிவரை தீரவில்லை. அப்பாவுக்குப் புறா. ஃபிட்டர் கழுகு என்றாராம். வண்டியை முப்பது வருடமாகப் பழுது பார்த்துவரும் பம்மல் நாசர் பாய் மட்டும் தன் கருத்தில் உறுதியாக இருந்தார்.

"எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் கோழிதான் டீச்சர்."

"கோழியாவே இருக்கட்டும் பாய். முட்டை கேக்காம ஒழுங்கா நட்டை முடுக்குங்க."

அப்பாவுக்குப் பிறகு வண்டி உன்னுடையதாயிற்று. கேம்ப் ரோட்டில் வேதியியல் டீச்சர் ஓட்டிப் போகும் வண்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். அதைவிட நன்றாகத் தெரிந்தது இன்னொன்று. சேலையூரில், ராஜகீழ்ப்பாக்கத்தில், பம்மலில் யார் வீட்டில் பெண்ணுக்குத் திருமணம் என்றாலும், வந்து கேட்டால் வண்டி போகும். நீயே ஓட்டிப் போவாய். மணப்பெண் பின்னால் உட்காரக் கூடாது, உன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். "பின்னாடி தனியா உட்கார்ந்தா அழுவாங்கடா. பக்கத்துல உட்கார்ந்தா பேசுவாங்க" என்பாய். இறங்கும்போது அவள் தன் பூங்கொத்திலிருந்து ஒரு பூவை எடுத்துக் குவளையில் வைப்பாள். வாடும்வரை அதை நீ எடுக்க மாட்டாய்.

நம் தெருவில் மீன் விற்கும் அஞ்சலை ஒருமுறை கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டது நினைவிருக்கிறதா?

"டீச்சரம்மா, எம்பொண்ணு கண்ணாலம் எங்க அம்மன் கோயில்ல வச்சிக்கீறோம். உன் வண்டி சர்ச்சுக்கு மட்டுந்தான் போவுமா?"

"வண்டிக்கு அதெல்லாம் தெரியாது அஞ்சலை. பெட்ரோல் போட்டா கோவளம் வரைக்கும் போகும்."

"அப்பால மீனு வாசன அடிக்குதுன்னு சொல்லக்கூடாது."

"அடிச்சா புறாவுக்குப் பசிக்கும். வேற என்ன."

வெள்ளை ரிப்பனைப் புறாவின் கழுத்தில் கட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி வரை இழுத்து விடுவது வழக்கம். ரிப்பன் காற்றில் நழுவாமலிருக்கப் பூக்கடைக்காரர் உள்ளே மெல்லிய கம்பி ஒன்றைச் சுற்றுவார். எத்தனை பெண்கள், எத்தனை கம்பிகள். கழுத்தைச் சுற்றி குரோமியம் தேய்ந்து, நூல் கனத்துக்குப் பித்தளை தெரிய ஆரம்பித்தது. திரும்ப முலாம் பூசித் தருவதாக நாசர் பாய் சொன்னபோது நீ மறுத்துவிட்டாய். "அத்தனை பொண்ணுங்களும் சேர்ந்து போட்ட செயின் பாய் அது. கழட்டாதீங்க."

அக்கா, அந்தப் பித்தளைக் கோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள். பிறகு தேவைப்படும்.

உன் கடைசி வாரத்தில் ஸ்டெல்லா மருத்துவமனைக்கு வந்தாள். உன் பள்ளியில் ஆயாவாக இருந்த மேரியின் மகள். கால்வாய்க் கரையிலிருந்து அவர்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்த பிறகும், இரண்டு பேருந்து மாறி உன்னிடம் பாடம் கேட்க வந்தவள். இப்போது செவிலியர். தனக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, டீச்சர் வண்டிதான் வேண்டும் என்று சொன்னாள். நீ ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாய்.

"ஜோயல், இவளுக்கு வண்டி போகணும். நான் இல்லேன்னா நீ ஓட்டு. புறாவோட போகணும்."

சரி என்றேன். வாழ்நாளில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். என் படிப்புக்குப் பணம் கட்டியது, என் பிள்ளைகளுக்குப் பெயர் தேர்ந்தெடுத்தது, அப்பா அம்மா இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது எல்லாம் நீ செய்தவை. நான் செய்ய வேண்டியிருந்தது இது ஒன்று.

நீ போன மூன்றாவது வாரம் நடுவர் வந்தார். பழைய கார்ச் சங்கமொன்றில் தீர்ப்புச் சொல்பவர். எந்த வண்டி அசல், எது ஒட்டுப்போட்டது என்று மதிப்பெண் இடுபவர். துக்கம் விசாரிப்பவரின் குரலில் பேசினார். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததைவிடப் போர்ட்டிகோவில் வண்டியைச் சுற்றி நடந்ததுதான் அதிகம். உன் நினைவாக அதைச் சங்கத்தின் அணிவகுப்பில் கொண்டுவர வேண்டும், செலவு முழுவதும் சங்கத்தைச் சேர்ந்தது என்றார். ஒரே ஒரு சிக்கல் என்றார்.

"இந்த அலங்காரமெல்லாம் எடுத்துடணும் சார். இதெல்லாம் பின்னாடி புதுப்பேட்டை பழைய சாமான் கடையில வாங்கி மாட்டினது. மார்க் போயிடும்."

"டீலரே போட்டுக் கொடுத்ததுன்னு அக்கா சொல்வாங்க."

"எல்லா அக்காவும் அப்படித்தான் சார் சொல்வாங்க."

அந்த இடத்தில் எழுந்து நின்று கதவைக் காட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். சிரித்துவிட்டு, "அப்போ இதெல்லாம் இடைச்செருகல்னு சொல்றீங்க" என்றேன்.

அந்தச் சொல்லை அவர் கையில் கொடுத்தவன் நான். அவர் அதைக் கீழே போடவில்லை. "நீங்க தமிழ் புரொஃபஸர். பின்னாடி எவனோ சேர்த்ததை நீக்கி, மூலத்தைக் காட்டுறதுதானே உங்க வேலை. நான் உங்களுக்குச் சொல்லணுமா சார்?"

இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் நான் கற்பிப்பது அதைத்தான். ஏட்டில் எது ஆசிரியன் எழுதியது, எது பிற்காலத்தவர் கை என்று பிரிப்பது. உன் சாப்பாட்டு மேசையிலும் அதையே ஒருமுறை சொல்லிக் காட்டினேன். கம்பெனியிலிருந்து வந்ததுதான் மூலம், உன் புறாவும் பாவாடையும் இடைச்செருகல் என்று. நீ ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "அதெல்லாம் நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்தாச்சு. அப்படிப் பார்த்தா நீதான்டா இடைச்செருகல்."

அன்று மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம் அது. கற்றுக்கொள்ளவில்லை. நடுவர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன். ஒரு பாடலின் ஒரு வரிக்கு நான்கு ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவன், அந்தத் தாளை ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலைக்கு வண்டியை மீட்பது என்பது முதல் பத்தி. கழற்றப்படும் பொருள்களைப் பணிமனை தன் விருப்பப்படி அப்புறப்படுத்தலாம் என்பது கடைசிப் பத்தி.

நாசர் பாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

மூன்று மாதம் கழித்து வண்டி வந்தது. குறை சொல்ல முடியாத வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன். துளைகள் அடைக்கப்பட்டு, சாம்பல் நிறம் மறுபடி பூசப்பட்டு, போனட் தண்ணீர்போல் வழுவழுவென்று இருந்தது. அசல் நிலை என்று சங்கத்தின் சான்றிதழும் சட்டமிட்டு வந்தது. போர்ட்டிகோவில் நின்று வெகுநேரம் பார்த்தேன். திருமண வீட்டில் நகையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஒருத்தி நிற்பதுபோல் இருந்தது. எடுத்த பொருள்கள் எங்கே என்று தொலைபேசியில் கேட்டேன்.

"அதுவா சார், துருப்பிடிச்ச தகரம். ஒர்க்‌ஷாப் பசங்க காயலாங்கடைக்குப் போட்டிருப்பாங்க. எதுக்கு சார் அது?"

நம்பினேன். ஸ்டெல்லாவின் திருமணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. வேறொரு பறவை தேடிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். வேறொரு பறவை.

திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நாசர் பாய் அழைத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் புல்வெளியில் பழைய கார்க் கண்காட்சி. யாரோ ஒருவருடைய வண்டி கிளம்ப மறுக்கிறது என்று கூப்பிட்டதால் போயிருக்கிறார்.

"சார், நம்ம கோழி இங்க கீது."

"என்ன பாய்?"

"டீச்சரோட கோழி சார். இன்னொருத்தன் வண்டி மேல உக்காந்துகினு கீது. தொப்பி, பாவாடை எல்லாம் போட்டுகினு நிக்குது. நீங்க வந்து உங்க கண்ணால பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, நீங்க படிச்சவரு."

போனேன். வேளச்சேரிச் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு அவசரமே வரவில்லை. என்னுள் ஏதோ ஒன்று உறைந்து கெட்டியாகிக்கொண்டிருந்தது.

பசும்புல்லின் மேல் ஒரு கறுப்பு அம்பாசடர் நின்றது. நடுவருடையது. போனட்டின் நடுவில் உன் புறா. முன்னே ஓர் அட்டை. அதில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் தருகிறேன்: "டீலரால் பொருத்தப்பட்ட அரிய அலங்காரத் தொகுதி. முழுமையாக எஞ்சியிருப்பது இது ஒன்றே." அட்டையின் மேல் முதல் பரிசு நாடா.

குனிந்து பார்த்தேன். கழுத்தைச் சுற்றி, நூல் கனத்துக்கு, பித்தளை.

என்னைக் கண்டும் நடுவரின் முகம் மாறவில்லை. அந்த விஷயத்தில் அவர் தேர்ந்தவர். நானும் குரலை உயர்த்தவில்லை அக்கா. நீ வகுப்பில் சோதனைக்குழாயை உடைத்தவனிடம் கேட்பதுபோல் கேட்டேன்.

"இது புதுப்பேட்டைச் சாமான்தானே?"

"அப்போ சரியாத் தெரியலை சார். அப்புறம் பழைய கேட்லாக் ஒண்ணு கிடைச்சுது. அதுல படம் இருக்கு."

"தெரிஞ்சதும் எங்களுக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது சார். முறைப்படி எல்லாம் கரெக்ட்டா இருக்கு."

"கழுத்துல அந்தக் கோடு என்ன?"

"அது ஏஜ் சார். வயசான பொருள்ல அப்படி வரும். அதுக்கே தனி மார்க்."

நாசர் பாய் பின்னாலிருந்து முன்னே வந்தார். "வயசா? அது கண்ணால ரிப்பன் சார். உனக்குக் கண்ணாலம் ஆச்சா இல்லியா?"

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஸ்டெல்லாவின் திருமணத்தைச் சொன்னேன். கெஞ்சவில்லை, தேதியை மட்டும் சொன்னேன். நடுவர் உடனே கனிவானார்.

"அவ்வளவுதானே சார். அன்னிக்கு இந்த வண்டியையே அனுப்பறேன். டிரைவரோட. பொண்ணு ஜம்முனு வந்து இறங்கட்டும். போட்டோவும் நாங்களே எடுத்துக்கறோம்."

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். ஒரு கணம் தயங்கினேன். நீ கேட்டது புறா. புறா அங்கே இருந்தது. தலையை ஆட்டினால் போதும், உனக்குக் கொடுத்த வாக்கு சொல்லுக்குச் சொல் நிறைவேறிவிடும். ஆனால் முடிவு என்னுடையதல்ல என்று தோன்றியது. என் முடிவுகளின் தரத்தை அதற்குள் பார்த்துவிட்டேனே.

மறுநாள் பெரும்பாக்கம் போனேன். ஆறாவது மாடி. மின்தூக்கி ஓடவில்லை. மேரி தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்கி முடிக்கும்வரை விசிறினாள். ஸ்டெல்லா பணி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நடந்தது முழுவதையும் சொன்னேன். என் கையெழுத்தையும் மறைக்கவில்லை.

மேரிதான் முதலில் பேசினாள். "படிக்காமயா சார் போட்டீங்க? ரேஷன் கார்டுல போடுறதுக்கே டீச்சர் என்னைய ரெண்டு தபா படின்னு சொல்லுவாங்க."

"ஆமாம் மேரி. படிக்காமதான்."

ஸ்டெல்லா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தாளு வண்டியில அந்தாளு டிரைவரா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம். ஆனா புறா அதில்தான் இருக்கு. நீ எது சொன்னாலும் சரி."

"புறா வேணும்னு யாரு சார் சொன்னது? டீச்சர் வண்டிதான் வேணும்னேன். டீச்சர்தான் புறாவையும் சேத்துகினாங்க." கொஞ்சம் யோசித்தாள். "மொட்டை வண்டியே வரட்டும். ஆனா ரிப்பனை எதுல கட்டுவீங்க?"

"போனட்டில் ஒண்ணும் இல்லையேம்மா. துளையையே அடைச்சுட்டாங்க."

"தொறங்க சார்."

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கிய ஆறு மாடியும் அந்த இரண்டு சொற்கள் கூடவே வந்தன.

பம்மலில் நாசர் பாயின் பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதும் அவர் உடனே கருவியை எடுக்கவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"துளை போட்டா அந்தச் சர்ட்டிபிகேட் செல்லாது சார். தெரியுமில்ல?"

"தெரியும் பாய்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார் அன்னிக்கே."

"கேட்டிருக்கலாம். கேக்கலை. தப்பு என்னோடது."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். விரல் முட்டியால் போனட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்ட ஒலி ஓரிடத்தில் மண்பானையைத் தட்டியதுபோல் மழுங்கியது. அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். டிரில்லை அதன்மேல் வைத்ததும், என்னை அறியாமல் கண்கள் மூடிக்கொள்ளப் போயின. மூடவில்லை. இந்த முறை வீட்டிலிருந்து ஒருவராவது பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அன்று பார்த்துக்கொண்டிருந்த நீதான் இல்லையே.

மேல் சாம்பல் பூச்சும் வெள்ளைத் தூளும் முதலில் உதிர்ந்தன. பிறகு அடியில் வைத்து அடைத்து, அடிப்பக்கமும் சாம்பல் பூசியிருந்த தகட்டுத் துண்டு சுருண்டு வந்தது. நாசர் பாய் உள்விளிம்பைத் துடைத்து, டார்ச் விளக்கைப் பிடித்தார்.

"சார், இங்க வாங்க. இது இன்னா கலர்?"

விளிம்பைச் சுற்றிச் செங்காவி நிறம். அவசரமாகத் தடவியதல்ல, ஒரே சீராக.

"துருப்பிடிக்காம இருக்கத் தடவுன பிரைமர். ஓட்டைக்குள்ளாற தடவியிருக்கான். புது வண்டியைக் கெடுத்துடக் கூடாதுன்னு பயந்தவன் செஞ்ச வேலை சார் இது. புதுப்பேட்டையில மாட்டுறவன் எவனும் இத்தைச் செய்ய மாட்டான்." டார்ச்சை அணைத்தார். "டீச்சர் சொன்னது நெசம்."

நான் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். நீ சொன்னது எப்போதும் உண்மைதான் அக்கா. அதை நம்புவதற்கு எனக்கு ஏன் ஒரு துளையின் விளிம்பு தேவைப்பட்டது?

திருமணத்தன்று ரிப்பனை அந்தத் துளை வழியாக விட்டு, உள்ளே முடிச்சிட்டுக் கட்டினோம். நான்தான் ஓட்டினேன். ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடவாக்கம் வரை முதல் இரண்டு கியரிலேயே போனேன்.

"சார், கொஞ்சம் வேகமா போங்க. பொண்ணு மனசு மாறிட்டான்னு மாப்ள பஸ் ஏறிடப் போறாரு."

ஓர் இடத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. பக்கத்தில் வந்து நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், ரிப்பன் முடியும் இடத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கண்ணால வண்டிக்கு முன்னாடி ஓட்டை கீது?"

ஸ்டெல்லா முக்காட்டைத் தூக்கிவிட்டு, சன்னல் வழியாகப் பதில் சொன்னாள். "அது ஓட்டை இல்லண்ணே. சீட்டு. ஆளு வெளியே போயிருக்காங்க. வருவாங்க."

பச்சை விழுந்தது. நான் கிளட்சை விட மறந்து நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

சர்ச் வாசலில் இறங்கும்போது, வழக்கப்படி பூங்கொத்திலிருந்து ஒரு பூவை எடுத்தாள். குவளை இல்லாத டேஷ்போர்டைப் பார்த்தாள். பிறகு அதை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இனி, கேட்க வேண்டியவருக்கு. நடுவரே, சட்டப்படி உங்கள் தாள் வெல்லலாம். அதை நான் மறுக்கவில்லை. உங்கள் அட்டையிலுள்ள வாக்கியமும் முழு உண்மை. டீலர் பொருத்தியது, அரியது, எஞ்சியிருப்பது ஒன்றே. அதைத் தெரிந்துகொண்டே நீங்கள் அதன்மேல் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வண்டிக்கு முன் நின்று யாராவது அந்தப் பித்தளைக் கோட்டைப் பற்றிக் கேட்டால், இனி வயது என்று சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தைப் படித்த யாரோ ஒருவர் அந்தக் கூட்டத்தில் எப்போதும் இருப்பார். சங்கத்தின் சான்றிதழைச் சட்டத்தோடு திருப்பி அனுப்பிவிட்டேன். மீதிக் கேள்விகளைச் சங்கத்திடமே எழுத்தில் கேட்டிருக்கிறேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.

அக்கா, இனி உனக்கு மட்டும்.

அஞ்சலையின் இளைய மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். வந்து கேட்டாள். போவதாகச் சொல்லியிருக்கிறேன். பம்மலிலிருந்து இன்னொருத்தி கேட்டிருக்கிறாள். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க நாசர் பாய் ஒரு ரப்பர் அடைப்பான் செய்து கொடுத்திருக்கிறார், கையால் எடுத்துவிடலாம். கடையில் வேறு பறவைகள் கிடைக்கின்றன. எதையும் வாங்க மாட்டேன். அந்த இடம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிகிறவரை அது காலியாகவே இருக்கும். கேட்கிற பெண்களுக்கு வண்டி போகும், நான் ஓட்டுவேன், அவர்கள் முன்னால்தான் உட்காருவார்கள்.

ஸ்டெல்லாவின் பூ வாடிவிட்டது. நீ செய்வதுபோல் வாடும்வரை வைத்திருந்து எடுத்தேன். பட்டறையில் விழுந்த தகட்டுச் சுருளை உன் ஜாமெட்ரிப் பெட்டியில், உன்னுடைய சுருளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் சாம்பல் நிறம் கொஞ்சம் வேறுபடுகிறது. எது முதலில் வந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது. இரண்டையும் சேர்த்தே மூடி வைத்தேன்.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த இடைச்செருகல்,
உன் தம்பி ஜோயல்